தராசில் பிள்ளையைக் கிடத்திய அத்தைக்கு

என் அத்தைக்கு, உங்கள் மருமகள் தேன்மொழி ஆசையோடு எழுதிக்கொள்வது.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இருந்தவரைக்கும் நாம் பேசிக்கொண்டதைவிட முறைத்துக்கொண்டதுதான் அதிகம். குழம்பில் புளி தூக்கல் என்பீர்கள், மறுநாள் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் கரைத்து ஊற்றுவேன். அப்படிப்பட்டவள் இப்போது உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும், ஒளித்து வைக்க இதில் ஒன்றுமில்லை.

உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். வாயைத் திறந்தால் உங்கள் குரலேதான், செஞ்சிக் கடைத்தெரு முழுக்கக் கேட்கிறது.

உங்களைப் பற்றிய அந்தக் கதை நம் மளிகைக்கடையில் நீங்கள் போன பிறகும் ஓடிக்கொண்டிருந்தது, தெரியுமா? உங்கள் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, நீங்கள் மாடியிலிருந்து இறங்கி வந்து, சாமான் வாங்க நிற்கிறவர்களை விலக்கிவிட்டு, மல்லாட்டைக் கடலை நிறுக்கிற பெரிய தராசில் துண்டை விரித்துப் பிள்ளையைக் கிடத்துவீர்களாம். காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், பால் கொடுத்ததும் ஒரு தரம். "பையன் கிலோ இன்னா வெல?" என்று யாராவது கேட்பார்களாம். பிள்ளை மூணே முக்கால் கிலோவிலேயே நிற்கிறான் என்று ஒரு நாள் ஓவென்று அழுதீர்களாம். அதனால்தான் முப்பது வயதாகியும் உங்கள் மகனுக்குக் கடைத்தெருவில் 'மூணேமுக்கா' என்று பெயர்.

கல்யாணமான புதிதில் மாமா இதைச் சொன்னபோது நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீங்கள் அடுப்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தீர்கள். என்னை மன்னித்துவிடுங்கள் அத்தை.

தலைப்பிரசவத்துக்கு அவலூர்பேட்டையில் என் அம்மா வீட்டுக்குப் போனேன், எனக்குப் பயம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. குழந்தை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைப்பேன், எடுப்பேன், மறுபடி வைப்பேன். யார் தூக்கினாலும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். இட்லி வாயிலேயே நிற்கும். "எம்பொண்ணு புள்ளய கண்ணுல வெச்சி பாத்துக்குறா" என்று அம்மா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பெருமை பேசினாள். இவ்வளவு பாராட்டு வாங்குகிறவள், எனக்குப் பயமாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வாள்?

மூன்றாம் மாதம் இங்கே வந்தேன். குழந்தையோடு மாடிப்படியில் காலை வைத்தால் போதும், அது கைநழுவி உருண்டு போவது கண்முன்னால் தெரியும். அதனால் அவளை மடியில் இறுக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவேன். கேட்டால் இடுப்புவலி என்று பொய் சொல்வேன். பால் போதவில்லையோ என்ற கவலை வேறு. ஒரு மத்தியானம் கடைக்கு இறங்கிப்போய் அவளை எலக்ட்ரானிக் தராசில் கிடத்தினேன். பிறகு தினமும் ஏழெட்டுத் தரம். எடையை எழுத ஒரு நோட்டு வேறு போட்டேன்.

உங்கள் ஓரகத்தி, பெரியத்தை, பார்த்துவிட்டார். "அட, மாமியாருக்கேத்த மருமவ! இந்தக் குட்டிக்கு இன்னா பேரு வெக்கலாம்? அஞ்சரைன்னு வெச்சிரலாமா?" கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் எல்லோரும் சிரித்தது பயந்துபோன ஒரு தாயைப் பார்த்து.

மூன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போனபோது அந்த நோட்டை நர்சம்மாவிடம் நீட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு மூடி வைத்தார்.

"கொழந்த கொழுகொழுன்னு இருக்குது, அத வுடு. நீ எப்படிமா இருக்குற?"

பிரசவமான நாளிலிருந்து யாரும் என்னைக் கேட்காத கேள்வி அத்தை. அங்கேயே உடைந்து அழுதேன்.

"கொழந்த தூங்குறப்ப, பாத்துக்க ஆள் இருக்குறப்பகூட உன்னால தூங்க முடியலியா?"

முடியவில்லை என்றேன். படிக்கட்டு விஷயத்தையும் சொன்னேன்.

"புள்ள பெத்த புதுசுல பத்து நாளு சும்மாவே அழுவ வரும், போயிடும். ரெண்டு வாரம் தாண்டியும் பயம் போவல, தூக்கமில்ல, சோறு எறங்கலன்னா டாக்டராண்ட வந்துடணும். உன்னையோ கொழந்தயையோ எதுனா பண்ணிடலாம்னு தோணுச்சின்னா அன்னிக்கே, அந்த நிமிஷமே வரணும். அப்படி எதுனா தோணுதா?"

இல்லை என்றேன். விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் சீட்டைக் காட்டினேன், பெரியத்தை குதித்தார். "மென்டல் டாக்டராண்டயா? நாளைக்கி கடத்தெருவுல தல காட்ட முடியுமா? நாங்கல்லாம் புள்ள பெத்துக்கல? மந்திரிச்சி ஒரு கயிறு கட்டுனா எல்லாம் சரியாப்பூடும்." உங்கள் மகன் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தல காட்ட முடியலன்னா முக்காடு போட்டுக்குங்க பெரியத்த. நான் போவத்தான் போறேன்" என்றேன். என் வாயைத்தான் உங்களுக்குத் தெரியுமே.

அப்போதுதான் மாமா பேசினார். "அண்ணி, கொஞ்சம் சும்மா இருங்க. இவ மாமியாரும் கேட்டா. 'பயமா இருக்குதுங்க, டாக்டராண்ட கூட்டிட்டுப் போங்க'ன்னு ரெண்டு தரம் கேட்டா. நான்தான் போடி பைத்தியக்காரின்னுட்டு, அதயே கடையில கதையா சொல்லி சிரிச்சிட்டுருந்தேன்."

சொன்ன கையோடு எழுந்தார். வியாபார நேரத்தில் ஷட்டரை இழுத்துவிட்டு, குழந்தையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினார்.

நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் அத்தை. வாயைத் திறந்து கேட்டிருக்கிறீர்கள். பிறகு அந்தப் பயத்தை என்ன செய்தீர்கள்? அது தானாகப் போனதா, இல்லை உங்களோடேயே இருந்ததா? மகன் தொண்டூருக்கு மல்லாட்டை வாங்கப் போனால் நாலு தரம் போன் போடுவீர்கள், நான் தலையில் அடித்துக்கொள்வேன். அதுவும் இதுதானா? நினைத்தால் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, மாமா மேல், இந்தத் தெரு மேல், என் மேல்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். இது பதற்ற நோய், நிறையத் தாய்மாருக்கு வருவது, சரியாகிவிடும் என்றார். பால் கொடுக்கிறவளுக்கு ஏற்ற மாத்திரை தந்தார். முதல் இரண்டு மாதம் வாரம் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வந்தேன். உடனே குணமாகிவிடவில்லை, இப்போதும் சில நாள் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் மத்தியானத்தில் உங்கள் மகன் குழந்தையை வாங்கிக்கொள்கிறார், நான் இரண்டு மணி நேரம் தூங்குகிறேன். நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன். போன வாரம் ஒருவர் கடையில் அந்தப் பழைய கதையை எடுத்தார். "அந்தக் கத இனிமே இங்க வேணாம்பா" என்று மாமா சொல்லிவிட்டார்.

பெரியத்தை சொன்னது நடந்தது. மென்டல் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று தெருவில் பேசினார்கள். பேசட்டுமே! நான் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் காய்கறி வாங்கப் போகிறேன்.

சிங்கவரத்தில் உங்கள் அண்ணன் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறோம். எல்லோரும் தொட்டிலைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். நான் தாய்க்காரி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பேன். பெரியத்தையும் கூட வருகிறார், அவர் காதில் விழும்படியே கேட்பேன். பயமாக இருக்கிறது என்று அவள் ஒரு தரம் சொன்னால் போதும் அத்தை. இரண்டாம் தரம் சொல்ல வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
டாக்டரிடம் போய் வந்த உங்கள் மருமகள்,
தேன்மொழி