நாலு மணித் தட்டு

மேடம்,

இன்று காலை ராக்கைத் துடைக்கச் சொன்னபோது ஓரம் நெளிந்த அந்த எவர்சில்வர் தட்டு கீழே விழுந்து உருண்டது. பலகாரக் கூடத்தில் இருந்த பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். யாரும் உங்கள் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. மூன்று நாள் காய்ச்சல் என்றார்கள், நாலாம் நாள் முடிந்துவிட்டது. நான் இன்னும் அழவில்லை. காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறேன், கையெழுத்துப் போடுகிறேன், திரும்பிப் போகிறேன். உங்கள் நாற்காலியில் முதலாளி என்னை உட்கார வைத்துவிட்டார். அதன் உயரத்தைக்கூட நான் மாற்றவில்லை. முட்டி மேசையில் இடிக்கிறது.

நீங்கள் மேனேஜராக வந்தபோது நான் பதினைந்து வருஷத்து சூப்பர்வைசர். என்னைவிடப் பத்து வயது சின்னவர் நீங்கள். எனக்கு எரிச்சல்தான், மறைக்கவில்லை. வந்த வாரமே, கருகியோ உடைந்தோ பக்குவம் தப்பிய பலகாரத்தைக் கொட்டக் கூடாது, நாலு மணி டீக்கு இந்தத் தட்டில் வைத்து நடுவில் வைக்க வேண்டும், எல்லோரும் தின்றுகொண்டே பேசலாம் என்றீர்கள். முதல் நாள் தட்டைப் பார்த்ததும் நான் வழக்கம்போல, “யாரு இதைக் கருக்குனது?” என்று ஆரம்பித்தேன். நீங்கள் டீயை ஊதிக்கொண்டே, “யாருன்னு கேக்காதீகண்ணே. என்ன நடந்துச்சுன்னு கேளுங்க” என்றீர்கள். எல்லோர் முன்னாலும். எனக்குச் சுருக்கென்றது.

யாரென்று கேட்காமல் விட்டதாலோ என்னவோ, கெடுத்தவர்களே வாயைத் திறந்தார்கள். தேன்குழல் பிழிகிற பஞ்சவர்ணம் ஒரு நாள் நொறுங்கிப்போன ஈட்டை அள்ளிக்கொண்டு வந்தாள். “வெண்ணெய் கூடிப் போச்சு மேடம், பேச்சு சுவாரசியத்துல நான்தான் போட்டுட்டேன். ஆனா கறிவேப்பிலையும் கடலையும் வறுத்துப் போட்டுப் பெரட்டுனா நல்லா இருக்கும்போல” என்றாள். இன்று பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்கும் நம் உடைசல் பாக்கெட் அதுதான். யார் யோசனை என்று கேட்டால் முதலாளி தன் மீசையைத் தடவுவார். நீங்கள் மட்டும் கடைசிவரை அதை அவள் பேரால் பஞ்சு பாக்கெட் என்றே சொன்னீர்கள்.

வரகரிசிச் சீடையை ஆரம்பித்துவைத்துவிட்டுப் போனீர்கள். நான் உங்கள் நாற்காலிக்கு வந்த முதல் வாரம், ஒரு ஈடு எண்ணெயில் படபடவென்று வெடித்தது. சுவரெல்லாம் எண்ணெய். பஞ்சவர்ணத்தின் கையிலும் தெறித்தது. நான் கையைப் பார்க்கவில்லை. “யாரு உருட்டுனது?” என்று கத்தினேன். சொல்லாவிட்டால் எல்லோருக்கும் மெமோ என்றேன். அன்று நாலு மணிக்குத் தட்டில் இருந்த சீடை அத்தனையும் முழுசாக, வெள்ளையாக, அழகாக இருந்தது. மறுநாளும் அப்படியே. வெடித்ததை எங்கே ஒளித்தார்களோ, ஒரு பழுதும் என் கண்ணுக்கு வரவில்லை. புதிதாக ஒரு பலகாரமும் வரவில்லை. தட்டை ராக்கில் ஏற்றிவிட்டேன்.

போன வாரம் முதலாளி வந்தார். “அடுத்த மாசத்துக்குள்ள வரகுச் சீடை வெடிக்காம கடைக்குப் போகணும். முடியலேன்னா அந்த அடுப்பை நிறுத்திருவோம்” என்றார். அந்த அடுப்பில் பஞ்சவர்ணத்தோடு நாலு பேர்.

அதனால் இன்று தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மாவைப் பிசைந்து நானே உருட்டினேன். பழகாத கை. எண்ணெயில் போட்டதும் எல்லோரும் தள்ளி நின்றார்கள். பாதி வெடித்தது. வெடித்ததை எல்லாம் பொறுக்கி நாலு மணிக்கு நடுவில் வைத்தேன். “நான்தான். என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியலை” என்றேன். டீ ஆடை கட்டியது.

பஞ்சவர்ணம் ஒரு சில்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அவள் புறங்கையில் தழும்பு வெளுத்திருந்தது.

“அழுத்தி உருட்டுறீகண்ணே. அரிசி மாவு தாங்கும், வரகு தாங்காது. உருண்டையாச் சேந்தாப் போதும், விரிசல் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.”

“இது உனக்கு எப்பத் தெரியும்?”

“கையில தெறிச்ச அன்னைக்கே தெரியும். சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க ‘யாரு’ன்னு கேட்டீக.”

கோபமாகச் சொல்லவில்லை. டீயை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். எட்டு மாதம் மேடம். நாளைக் காலை உருட்டிக் காட்டுகிறேன் என்றிருக்கிறாள்.

அழுகை இன்னும் வரவில்லை. தட்டை மட்டும் ராக்கில் ஏற்றாமல் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். இப்போதும் எனக்கு முதலில் வாயில் வருவது ‘யாரு’தான். இனி அது வரும்போதெல்லாம் டீயை ஊத வேண்டும், உங்களைப் போல.