முளைத்தேறலால் ஆனைவாய்க் கோட்டை கைமாறிய வரலாறு

அலை ஓயினும் அறம் ஓயாத சங்குத்துறைக்கு இறைவரும், முத்துக் குளிப்போர் மூச்சுக்குக் காவலரும், எம் வேந்தரின் தங்கையைக் கைப்பிடித்து எம் நாட்டுக்கும் உறவானவருமாகிய பெருந்திரையர் திருமுன்னர், தண்கழனி நாட்டுத் தலைமை அமைச்சன் இளங்கண்டீரன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் துறைகளில் கலங்கள் காற்றுக் குறையாது கரைசேர்க! தங்கள் உப்பளங்களில் வெயிலும், எங்கள் வயல்களில் மழையும் தத்தம் இடம் மாறாது பெய்க!

எம் வேந்தர் கழனிநெடுங்கோ ஒரு குடம் தேறலுக்கு ஆனைவாய்க் கோட்டையை விற்றுவிட்டார் என்று தங்கள் அங்காடியில் பேச்சு உலவுவதாகவும், அதைக் கேட்டுத் தங்கள் தேவியார் இரண்டு நாள் சிரித்துப் பின் கவலை கொண்டதாகவும் அறிந்தோம். விற்கவில்லை. நடந்ததை நடந்தவாறே எழுதுகிறோம். பேசிய பேச்சே இங்கு வழக்காதலின், அவரவர் சொல்லை அவரவர் வாய்மொழியாகவே பொறிக்கிறோம். அவைமொழி அன்றென்று பொறுத்தருள்க.

யவவரை மலைநாட்டுக்கும் எமக்கும் இடையே ஆனைவாய்க் கணவாய் அடைபட்டுக் கிடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். கணவாயின் உச்சியிலுள்ள கோட்டை எம்மிடம் இருந்தது. அதனால் சினந்து அவர்கள் வழியை அடைத்தனர். சென்ற கோடையில் மலையரசி செங்கோட்டு வேண்மாள் ஒரு சொல் அனுப்பினார்: தம் நாட்டுக் கேழ்வரகு மதுவான முளைத்தேறலை எம் அரண்மனை ஏற்று, எம் நெல்லை அவர் நாட்டுக்கு விடுமாயின் வழிதிறப்பது பற்றிப் பேசலாம் என்று. தேறல் அரசவைக்குத் தகுமோ என அறிந்துவரச் சுவைநாயகம் பூதங்கோடனாரை அனுப்பினோம். சுவை தேறினால் தூதர் பின்னே செல்வர் என்பது எம் ஏற்பாடு.

கோடனார் மெலிந்தவர்; சொல்லில் அளவானவர். கண்ணைக் கட்டிவிட்டு நீரைக் கொடுத்தாலும், ஆற்று நீரோ கிணற்று நீரோ என்று நாவால் சொல்லிவிடுவார். எதையும் மூன்று மிடறு வாயில் உருட்டிப் படிக்கத்தில் உமிழ்ந்துவிடுவதே அவர் தொழில்முறை. இத்தனை ஆண்டில் அவர் ஒரு கிண்ணம் முழுதாய்க் குடித்ததை எவரும் கண்டதில்லை. மந்திராலோசனையின்போது எமக்கு வரும் உணவைச் சுவைத்துத் தருபவரும் அவரே. அங்கே அவர் காதும் உடன் இருந்தது என்பதை யாம் எண்ணிப் பார்க்கவில்லை.

மலைநாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அரசுகட்டில் ஏறுவோர் முதலில் தேறல் இறக்கக் கற்க வேண்டும். ஆதலின் வேண்மாளே தம் கையால் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் முளைகட்டி, அடுப்புப் பரணில் உலர்த்தி, பாதியைப் பொன்னிறமாகவும் மீதியைக் கருகப்போகும் வேளையிலும் வறுத்தெடுத்து, சீந்தில்கொடி சிறிது கூட்டிக் காய்ச்சி, நொதித்தபின் மண்சாடியில் மூடிப் பல மழைக்காலம் வைத்திருந்தார். அந்தச் சாடி அவை நடுவே திறக்கப்பட்டது. மலைத்தலைவர் அனைவரும் சூழ்ந்திருந்தனர்.

கோடனார் கிண்ணத்தை வெயிலில் பிடித்தார். நடுவில் கார்மேகம், விளிம்பில் மாதுளைச் சிவப்பு. நுரை பழுப்பாய் எழுந்து, அவசரமின்றி அடங்கி, கிண்ணத்தின் உட்புறத்தில் கோலம்போல் ஒட்டிநின்றது. முகர்ந்தார். பனைவெல்லப் பாகு பதம் வரும்போது எழும் மணமும், புதிதாய் வறுத்த முளைத்தானியத்தின் மணமும் வந்தன. ஒரு மிடறு உருட்டிவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம் சைகையால் படிக்கம் கேட்டார்.

தலைவர்கள் முகம் சுளித்தனர். வேண்மாள் மட்டும் சிரித்தார்.

“துப்புறதுக்கா இத்தனை மழைக்காலம் காத்து வெச்சேன்? எங்க ஊருல படிக்கமே செய்யறதில்லீங்க, கோடனாரே. குடிச்சாத்தான் சொல்லு செல்லும்.”

கோடனார் விழுங்கினார். விழுங்கியதும் கண் சற்றே அகன்றது. உமிழ்ந்து பழகிய நாவுக்குத் தொண்டைக்கு அப்பாலும் சுவை உண்டென்பது அன்றுதான் தெரிந்தது என்று பின்னர் எம்மிடம் சொன்னார். முதலில் இனிப்பு, அது திகட்டுமுன் வறுகடலைத் தோலின் கசப்பு, கசப்பு போனபின் நெஞ்சுக்குள் மெல்ல ஏறும் கணகணப்பு. கூழின் கனம் இருந்தும் கூழின் சோம்பல் இல்லை. கிண்ணம் ஒழிந்தது. மலைநாட்டு முறைப்படி, விருந்தினர் ஒரு கிண்ணம் குடித்தால் விருந்தளிப்பவரும் ஒரு கிண்ணம் குடிக்க வேண்டும். வேண்மாள் குடித்தார். முதற்கிண்ணம் நாவுக்கு, இரண்டாவது தீர்ப்புக்கு என்றார்கள். இருவரும் இரண்டாவதையும் குடித்தனர். இனிப்பின் பின்னே ஒளிந்திருந்த வீரியம் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது.

இருந்திருந்தாற்போல் வேண்மாள் கேட்டார்: “ஏன் கோடனாரே, உங்க அரசரு அந்தக் கோட்டைய விடமாட்டேன்னு ஏன் இப்படிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு?”

“கோட்டையா!” என்று கோடனார் கையை வீசினார். “தாயே, அது ஒழுகுது! மழை வந்தா காவலருங்க உள்ளேயே தாழங்குடை பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. ஆடி பிறந்தா ஊருக்கெல்லாம் கேக்குற தும்மல். எங்க அமைச்சர் என்ன சொன்னார் தெரியுமா? முதல்ல முறுக்கா நில்லுங்க, கேட்க வேண்டியதெல்லாம் கேட்டு வாங்குங்க, கடைசியில அந்த இடிஞ்ச சுவரைப் பெருந்தன்மையா கொடுக்கிற மாதிரி கொடுத்துடலாம்னார். எங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.”

மலைத்தலைவர் ஒருவர் கையிலிருந்த கிண்ணத்தைத் தரையில் வைத்தார். எம் நாட்டின் மறைபொருள் முழுவதும், வேந்தரின் முத்திரை இன்றி, அம்மண்டபத்தின் நடுவே கிடந்தது.

தெளிந்த நிலையில் இருந்திருந்தால் வேண்மாள் அதை எடுத்து இடுப்பில் முடிந்துகொண்டிருப்பார். ஆனால் அவரும் இரண்டு கிண்ணம் குடித்திருந்தார். தொடையைத் தட்டிச் சிரித்துவிட்டுச் சொன்னார்: “நாங்க மட்டும் என்னவாம்? வழிய அடைச்சது நாங்கதான். அடைச்ச நாளா ஒரு நல்ல அரிசிச்சோறு கண்ணுல படலை. களி, களி, களி! எங்க வீட்டுக்காரரு தூக்கத்துல ‘பொன்னிச் சம்பா’ன்னு முனகுறாரு. இன்னும் ஒரு மழை பார்ப்போம், அப்புறம் நாமளே போய்த் திறந்துடலாம்னுதான் இருந்தோம்!”

தலைவர்கள் இருமினர். ஒருவர் அரசியாரின் கிண்ணத்தை மெல்ல நகர்த்தி வைத்தார். காலம் கடந்துவிட்டது.

மறுநாள் காலை கோடனார் கண்விழித்தபோது சொன்னதெல்லாம் ஒரு சொல் விடாமல் நினைவுக்கு வந்தது. தலை பிளந்துவிடும்போல் வலித்தது. அந்தத் தலை இனி எத்தனை நாளைக்குத் தன்னுடையது என்னும் எண்ணம் அதைவிட வலித்தது. இந்த நாவை நம்பித்தானே வேந்தர் உண்கிறார் என்று எண்ணிச் சுவரைப் பார்த்து அழுதார். வேண்மாள் தாமே வந்து, சுக்குநீர் கொடுத்து, இங்கேயே இருந்துவிடலாம், காவலும் வீடும் தருகிறோம் என்றார்.

கோடனார் எழுந்து வணங்கினார். “வாய் செஞ்ச பிழைய வாயே போய்ச் சொல்லணும், தாயே. வேறொருத்தர் சொல்லி எங்க அரசர் கேட்கக் கூடாது.”

வேண்மாள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஒரு மூங்கிற்குழாய் நிறையத் தேறலை ஊற்றி, மெழுகால் வாயடைத்துக் கொடுத்தனுப்பினார். கணவாயில் கோட்டைக் காவலர் மேலிருந்து கையசைத்து நலம் கேட்டனர். கோடனார் தலைநிமிராமல் இறங்கி வந்தார்.

எம் அவையில் அவர் எதையும் மறைக்கவில்லை. தாம் சொன்னது, அரசியார் சொன்னது, குடித்த கிண்ணம் அனைத்தையும் உரைத்து நெடுங்கிடையாய் விழுந்தார். படைத்தலைவர் வாளில் கைவைத்தார். யாமோ மூன்று திங்களாய்ப் பின்னிய வலை ஒரு கிண்ணத்தில் கரைந்ததே என்ற வெப்பத்தில், இவரைச் சிறையிடுக என்று வேண்டினோம். வேந்தர் கையமர்த்தினார். பின்னர்க் கேட்டார்:

“அதெல்லாம் இருக்கட்டும். தேறல் எப்படி?”

அதற்காகவே அனுப்பப்பட்டவரிடம் அதுகாறும் எவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. கோடனார் எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். குரல் மட்டும் நடுங்கவில்லை. “வேந்தே, முளை பழுதில்லை; வறுப்பில் ஒரு தீய்ச்சல் இல்லை. இனிப்பும் கசப்பும் ஒன்றையொன்று தள்ளாமல் கைகோத்து வருகின்றன. குறை ஒன்று உண்டு: கடைசி மிடற்றில் சாடியின் மண்வாசம் எட்டிப் பார்க்கிறது. அதைத் தவிர்த்தால் அரசவைக்கு மட்டுமன்று, எந்த அவைக்கும் தகும். ஆனால் வலிது. சிறு கிண்ணத்தில் தருக. இது என் நாவின் சொல். இதில் அச்சமும் இல்லை, முகமனும் இல்லை.”

உயிர்போகும் வேளையிலும் மண்வாசத்தை விட்டுக்கொடுக்காத அந்த வாய்மையைக் கேட்டு வேந்தர் புன்னகைத்தார். மூங்கிற்குழாயைத் திறக்கச் சொல்லிச் சிறு கிண்ணத்தில் பருகினார். கண்மூடினார். “மண்வாசம் இருக்கிறது” என்றார். “நன்றாகவும் இருக்கிறது.”

பின் எம் பக்கம் திரும்பிச் சொன்னார்: “அமைச்சரே, மாட்டுத்தாவணியில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேரம் பேசுவார்கள். இங்கே இருவர் துண்டும் காற்றில் பறந்துவிட்டது. அவருக்கு அரிசி வேண்டும். நமக்கு அந்த ஒழுகல் வேண்டாம். இனி விரலை எங்கே ஒளிப்பது?”

ஆதலின், கோட்டை யவவரை நாட்டுக்கு விடப்பட்டது. கணவாய் திறந்தது. எம் நெல் மேலே ஏறுகிறது. அவர்தம் தேறல் கீழே இறங்குகிறது. கோடனார்க்குத் தண்டனையும் உண்டு: ஆண்டுதோறும் மலையேறிப் புதுச்சாடியைச் சுவைத்து வருதல் வேண்டும், மந்திராலோசனைக்கு மட்டும் அவர் வரலாகாது. உணவை இனி ஆலோசனை முடிந்தபின் உண்கிறோம். ஆலோசனைகளும் விரைவாய் முடிகின்றன.

கோட்டைக் காவலரை இறக்க ஆணையோலையுடன் வீரர் சென்றபோது அங்கே ஒருவரும் இல்லை. செய்தி எப்படியோ முன்னே சென்றிருக்கிறது. அவர்கள் மலையூரில் கேழ்வரகு அறுவடையில் நின்றார்கள்; தும்மல் ஒருவருக்கும் இல்லை; இருவர்க்கு மணம் பேசியும் முடிந்திருந்தது. அவர்களைத் திருப்பி அழைப்பதா, சீர்வரிசை அனுப்புவதா என்று வேந்தரைக் கேட்டோம். சீர்வரிசை சென்றுவிட்டது.

இதுவே நடந்த உண்மை. அங்காடிப் பேச்சைத் தங்கள் ஆணையால் திருத்துக. வரும் தைத்திங்களில் ஆனைவாயில் இரு நாட்டவரும் கூடி உண்ணும் விருந்துக்குத் தேவியாருடன் எழுந்தருள்க என்று வேந்தர் அழைக்கிறார். தேறல் சிறு கிண்ணத்தில்தான் வழங்கப்படும். எனினும், எமக்குத் தெரியலாகாதது ஏதேனும் தங்கள் நாட்டில் இருப்பின், அதை அறிந்த அமைச்சர் எவரையும் உடன் அழைத்து வாரற்க.

நெற்கதிரும் வாளைமீனும் பொறித்த இலச்சினை இட்டு, வேந்தர் வாய்கேட்டு, தெளிந்த நிலையில் எழுதியது. படித்தவர் வாழ்க, கேட்டவர் வருக.