ஊசி இறங்கும் டிராக்டர்

2025 ஓகஸ்ட் 3, ஞாயிறு

ஓமடா றெஜி, நான் பகிடிக்காரன்தான். அதுக்காக டிராக்டரைப் பழைய இரும்புக்குக் குடுக்கிறதா? தேத்தண்ணிக் கடையில அப்பிடி என்னத்தைப் பெரிசாச் சொல்லிப்போட்டன்? "மச்சானுக்குப் பிரஷர் கூட, டிராக்டருக்குப் பிரஷர் குறைவு, ரெண்டு பேரும் பாதிபாதி எடுங்கோ" எண்டன். சனம் சிரிச்சுது. நீயும் சிரிச்சிருக்கலாம். போன வருசமெண்டால் சிரிச்சிருப்பாய்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை பஸ்ஸில் இப்படியே அவனோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன்.

தெமட்டகொடை மெக்கானிக் பாஸ் ஒருவன் எஞ்சினைப் பார்த்துவிட்டு, பெயரிங் தேய்ந்துவிட்டது, அதுதான் எண்ணெய் அழுத்தம் நிற்கவில்லை, இனி உதவாது என்றானாம். திறந்துகூடப் பார்க்கவில்லை. பதினோராந் திகதி திங்கள் இரும்புக்காரன் வருகிறான்.

"எனக்கு அலுத்துப்போச்சு, நிக்கலஸ்" என்றான் றெஜி. மச்சான் என்று சொல்லவில்லை.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

மகள் சுரேகா கேட்டாள்: "என்னப்பா, மாமாவோட திரும்பவும் கொளுவலா?"

"இல்லையம்மா. டிராக்டரோட."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தங்கச்சி பிறிஜெற்றைத்தான் றெஜி கட்டினான். இந்த வருசத் தவக்காலத்தில் அவள் கண்ணை மூடிவிட்டாள். கோயில் திருநாளுக்குப் புனிதரின் சுரூப வண்டியை இழுப்பது எப்போதும் அவர்களுடைய டிராக்டர்தான். என் வயதுதான் அதற்கும் இருக்கும். தங்கச்சி இல்லாத வீட்டுக்கு நான் போக அது ஒன்றுதான் சாட்டு. அதுவும் போனால் எதைச் சொல்லிக்கொண்டு படி ஏறுவது?

ஓகஸ்ட் 9, சனி

போனேன். றெஜி சாவியைத் தந்தான்.

முதலில் எண்ணெய் அழுத்தம் காட்டும் மீற்றரைச் சந்தேகப்பட்டேன். ரொனியின் கராஜில் இரவல் வாங்கி வேறொன்றைப் பூட்டினேன். அதுவும் அதையே காட்டியது. எண்ணெய் அளவு சரி, மணந்து பார்த்தேன், டீசல் கலக்கவில்லை. ஸ்டார்ட் பண்ணியதும் மீற்றர் ஊசி நல்லாய் ஏறுகிறது. கோயில் மதிலைச் சுற்றி வருவதற்குள் விழுந்துவிடுகிறது. ஆனால் எஞ்சினுக்குள் ஒரு தட்டுச் சத்தமும் இல்லை.

நிறுத்திப்போட்டு ஒரு பிளேன்ரீ குடித்தேன். பொனற் இன்னும் கைவைக்க முடியாத சூடு. திரும்ப ஸ்டார்ட் பண்ணினேன். ஊசி துள்ளி ஏறியது!

"மச்சான், பெயரிங் தேய்ஞ்சதெண்டால் இந்தச் சூட்டில ஊசி எழும்பாது. கீழ எண்ணெய் உறிஞ்சிற சல்லடையில என்னவோ போய் ஒட்டுது. நிப்பாட்டினால் கழண்டு விழுது. கழட்டிப் பாப்பம்."

சாவியைத் திருப்பி வாங்கினான். பிறகு, "நாளைக்கு வா" என்றான்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

பூசை முடிந்து கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு இருவரும் மல்லாந்து கிடந்து எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் சம்பைக் கழற்றினோம். சல்லடையில் கறுப்பாய் ஒரு துணி. பெற்றோலில் அலசினேன். நீலப் பூ தெரிந்தது.

அந்தப் பூ எனக்குத் தெரியும். ஒரு நத்தார்ப் பண்டிகைக்குத் தங்கச்சிக்கு நான் வாங்கிக் கொடுத்த ஹவுஸ்கோட்.

"எண்ணெய் ஊத்துற வாய்க்கு மூடி துலைஞ்ச திருநாளண்டு, அவதான் கிழிச்சுச் சுருட்டி அடைச்சவ" என்றான் றெஜி. பிறகு புது மூடி போட்டார்கள். துணி எங்கே என்று யார் தேடினார்கள்? உள்ளே விழுந்து எங்கோ மாட்டிக் கிடந்து, இப்போதுதான் இளகி இறங்கியிருக்கிறது.

அவன் துணியை உள்ளங்கையில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"பாத்தியா மச்சான், செத்தும் உன்ர கழுத்தை விடுறாளில்ல."

சொல்லிச் சிரித்தும் விட்டேன்.

றெஜி துணியை ஈரத்தோடு மடித்துச் சேர்ட் பொக்கற்றுக்குள் வைத்தான். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

தனியாகச் சம்பைப் பூட்டினேன். புது எண்ணெய் ஊற்றினேன். நன்றாகச் சூடேறும் வரை ஓடவிட்டேன். ஏறிய ஊசி இறங்கவில்லை. பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஓகஸ்ட் 11, திங்கள்

றெஜி இரும்புக்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டானாம். சுரேகாவுக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறான். எனக்கு இல்லை.

ஓகஸ்ட் 14, வியாழன்

ஏன்டா சொன்னாய் நிக்கலஸ்? என்ன வாய் இது? செத்த வீட்டிலயும் பகிடி விட்ட வாய்தானே. அண்டைக்கு அவன் பொறுத்துக்கொண்டான்—

அந்த நீலப் பூவைக் கண்டதும் எனக்கு அழுகை முட்டியது. சிரித்திராவிட்டால் அங்கேயே குழறியிருப்பேன். இதை அவனிடம் எப்படிச் சொல்வது? பகிடியில்லாமல் எனக்கு ஒரு வசனம் தொடங்கத் தெரியாது.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

திருநாள். டிராக்டர் ஒரு முக்கல் முனகல் இல்லாமல் சுரூபத்தை இழுத்தது. வழக்கமாக மட்காட்டில் குந்தியிருந்து ஊசியைப் பார்ப்பது என் வேலை. இந்த முறை அங்கே கராஜ்காரன் ரொனி இருந்தான். நான் சனத்தோடு சனமாய் மெழுகுதிரி பிடித்து நடந்தேன்.

எல்லாம் முடிந்து, றெஜி தனியே டிராக்டர்ச் சில்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும்போது கிட்டப் போனேன். ஸ்டியரிங்கில் அந்தத் துணி கட்டியிருந்தது. துவைத்திருக்கிறான். எண்ணெய்க் கறை போகவில்லை.

"மச்சான்."

நிமிர்ந்தான்.

"அண்டைக்கு நான் ஏன் அப்பிடிச் சொன்னனான் எண்டால்... அவள் போனது எனக்கும்—"

வாளியைத் தூக்கிக்கொண்டு பைப்படிக்கு நடந்துவிட்டான்.