காலையில் சிக்கும் ஆக்ஸிலேட்டர்

திருத்தங்கல்
14.9.2025

சினேகா அப்பாவுக்கு ரோஜா எழுதுவது.

போனில் பேசினால் நீங்களும் கத்துவீர்கள், நானும் கத்துவேன், பிள்ளை அழும். அதனால்தான் கடிதம். உடனே சமாதானம் என்று துள்ள வேண்டாம்.

நம் பழைய மாருதி படுத்துகிறது. காலையில் கிளம்பிக் கொஞ்ச தூரத்துக்கு, மிதித்த ஆக்ஸிலேட்டர் மேலே வரமாட்டேன் என்கிறது. காலை எடுத்த பிறகும் வண்டி உறுமிக்கொண்டு ஓடுகிறது. எஞ்சின் சூடானதும் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு நான் பிரஸ்ஸுக்குப் போக வேண்டும். காலண்டர் சீசன், தாமதமானால் மேனேஜர் மூஞ்சியைக் காட்டுகிறார். மெக்கானிக் பாண்டிச்செல்வத்திடம் விடட்டுமா? அந்த வண்டியை முழுக்கப் பிரித்து மாட்டியவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன்.

ரோஜா


தாயில்பட்டி
19.9.2025

என் அன்பு ரோஜாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அண்ணன் வீட்டு வாசலிலேயே நின்று படித்தேன். மதினி சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

முதலில் பெடலுக்கு அடியில் மேட் சுருண்டு கிடக்கிறதா பார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலைக் கையால் அமுக்கி விடு. இறுக்கமாக இருந்தால் இரண்டு சொட்டு எண்ணெய் போடு. பாண்டிச்செல்வத்திடம் மட்டும் விடாதே. அவன் லோடு வேனுக்குத்தான் லாயக்கு, சின்ன வண்டியைக் குதறிவிடுவான். பார்த்துவிட்டு எழுது. கட்டாயம் எழுது.

உன் செல்வக்குமார்


திருத்தங்கல்
26.9.2025

சினேகா அப்பாவுக்கு,

மேட்டும் இல்லை, பெடலும் இல்லை. எண்ணெய் பட்டு என் சேலை பாழானதுதான் மிச்சம்.

உங்கள் கடிதத்தைச் சினேகா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அப்பா தீவாளிக்கு வருவாகளாம்மா?" என்று உயிரை எடுக்கிறாள். தீப்பெட்டி ஆபீஸ் வேலை போனதற்கா உங்களை வீட்டை விட்டு அனுப்பினேன்? வேலை போனதை மறைத்து, மாதக்கணக்கில் தூக்குச்சட்டியோடு கிளம்பிப் போனீர்களே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. தினமும் விடிவதற்குள் எழுந்து அந்தச் சோற்றைக் கட்டிக் கொடுத்தவள் நான்.

இனி எதையும் மறைக்க மாட்டீர்கள் என்றால் தீபாவளிக்கு முதல் நாள் வாருங்கள். வீட்டோடு இருந்துவிடலாம்.

ரோஜா


தாயில்பட்டி
1.10.2025

தங்கமான என் ரோஜாவுக்கு,

சினேகா மேல் சத்தியம். இனி உன்னிடம் ஒரு சின்ன விஷயத்தைக்கூட மறைக்க மாட்டேன்.

வண்டிக்குக் கார்புரேட்டர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பானெட்டைத் திறந்து, அது சுண்டி இழுக்கிறதா என்று பார். மற்றதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். பிள்ளை டார்ச் பிடிக்கட்டும், என் கையால் சரிசெய்கிறேன். "எங்கப்பா மாதிரி வருமா"ன்னு அவள் தெருவெல்லாம் சொல்ல வேண்டும். அதுவரை மெதுவாக ஓட்டு, வேறு யார் கையிலும் வண்டியைக் கொடுக்காதே.

உன் செல்வக்குமார்


திருத்தங்கல்
9.10.2025

செல்வக்குமாருக்கு,

நேற்றுக் காலை பள்ளிக்கூடத் தெருவில் பெடல் அப்படியே நின்றுவிட்டது. எதிரே பிள்ளைகள். சாவியைத் திருப்பி, பிரேக்கை மிதித்து, வண்டியை மணல் குவியலில் ஏற்றினேன். தெருவில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சினேகாவுக்கு உதடு கிழிந்து தையல் போட்டிருக்கிறது.

சாயங்காலம் பாண்டிச்செல்வம் ஆக்ஸிலேட்டர் கேபிளை உருவினார். உள்ளே பூராவும் மெழுகு. "ஆடி மாசம் கேபிள் கீச்சுங்குதுன்னு, வீட்டுல கெடந்த தீப்பெட்டி ஆபீஸ் மெழுக உருக்கி செல்வக்குமார் அண்ணந்தான் ஊத்துனாக. வேண்டாம்னேன், கேக்கல. எஞ்சின் சூட்டுக்கு இளகும், ஆறுனா இறுகிரும். போன மாசமே எனக்குப் போன் போட்டாகளே மதினி, மெழுகு இறுகிருச்சு போல, என்ன செய்யன்னு. புதுக் கேபிள் போட்டாத்தான் தீரும், அதுவரைக்கும் மதினிய வண்டிய எடுக்க வேண்டாம்னு சொல்லுங்கன்னேன். சொல்லலையா?" என்றார்.

நீங்கள் ஸ்பிரிங்கைப் பார்க்கச் சொன்னீர்கள். மகள் முன்னால் பெரிய ஆளாக நிற்பதற்காக, அந்த மகளையே தினமும் அந்த வண்டியில் ஏற்ற விட்டீர்களே! எப்படி மனசு வந்தது உங்களுக்கு?

புதுக் கேபிள் போட்டாயிற்று. தீபாவளிக்கு வர வேண்டாம். அதற்குப் பிறகும் வர வேண்டாம்.

பாண்டிச்செல்வம் பேசியதைச் சினேகாவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீங்கின உதட்டோடு, "அப்பா சொல்ல மறந்துட்டாகளாம்மா?" என்றாள்.

"ஆமா தாயி, மறந்துட்டாக" என்று சொல்லிவிட்டேன்.

ரோஜா