வெள்ளி ஊரிலிருந்து அம்மாவுக்கு ஒரு சோடி மெட்டி

அப்பா,

இன்று ஜங்லிகாட் மார்க்கெட்டில் பூக்காரர் செண்டுமல்லி மூட்டையைப் பிரித்துத் தரையில் கொட்டினார். மெயின்லேண்டிலிருந்து வந்த பூ. வழியிலேயே பாதி வாடியிருந்தது, ஆனாலும் வாசனை குறையவில்லை. அந்தக் காரமான பச்சை வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் நகரவில்லை. "கித்னா தூன், தீதி?" என்று எவ்வளவு வேண்டுமென்று கேட்டார். பூவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாங்க வந்த கறிவேப்பிலையையும் மறந்து, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. நீங்கள் நிக்கோபாரில், கச்சால் தீவில் இருந்தபோது எழுதுகிற வழக்கம் நமக்கு இல்லை. கப்பலில் போகிற யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதுமாக இருந்தது.

முதலில் நல்ல சேதி. உங்கள் தோளில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிப்பாளே, உங்கள் பேத்தி, அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மருமகனுக்கு மெக்சிகோவில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை. பேறுகாலம் பார்க்க நான்தான் போனேன். ஊரின் பெயர் குவானஹுவாத்தோ. சொல்லி முடிப்பதற்குள் வாய் வறண்டுவிடும். பெரிய மலைகளுக்கு நடுவில், ஸ்பெயின்காரன் வெள்ளி தோண்டுவதற்காகவே கட்டிய ஊராம். இதை நான் அம்மாவிடம் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

"வெள்ளி வெளையிற ஊரா? அப்ப எனக்கு ஒரு சோடி மெட்டி வாங்கியா புள்ள. இது தேஞ்சு நூலாப் போச்சு" என்றாள் அம்மா. ஒரு நூலை எடுத்துத் தன் கால்விரலில் சுற்றி, அளவுக்கு முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தாள்.

நான் அந்த நூலை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

உங்களுக்குப் பின்னால் நடந்தது தெரிய வாய்ப்பில்லை, ஆகையால் முதலிலிருந்து சொல்கிறேன். அந்தக் கிறிஸ்துமஸ் லீவுக்கு நீங்கள் இரண்டு பேரும் என் வீட்டுக்கு வருவதாக இருந்தீர்கள். கவுண்டரில் ஒரே ஒரு டிக்கெட்தான் கிடைத்தது. "நீ முன்னால போ, நான் அடுத்த கப்பல்ல வர்றேன்" என்று அம்மாவை ஏற்றிவிட்டீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நிலம் ஆடியது. இங்கே கடல் ரோடு வரைக்கும் வந்து திரும்பிப் போனது. கச்சாலில் என்ன நடந்தது என்று வந்து சொல்லவே ஆட்கள் குறைவாக இருந்தார்கள். நீங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் நின்ற இடத்தில் இப்போது கடல்தான் இருக்கிறது.

அரசாங்கம் உங்களை முதலில் காணாமல் போனவர் என்றது, அப்புறம் இறந்தவர் என்றது. அம்மா இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொட்டு அப்படியே இருந்தது, தாலி அப்படியே இருந்தது, மெட்டி அப்படியே இருந்தது. லம்பா லைனில் என் வீட்டில் உங்கள் படத்தைச் செத்தவர்கள் வரிசையில் மாட்ட விடமாட்டாள். உங்கள் இடம் காலண்டருக்குப் பக்கத்தில், பேத்தியின் பள்ளிக்கூடப் படத்துக்குக் கீழே, எங்கள் எல்லோரோடும். நிக்கோபார் கப்பல் வருகிற நாளெல்லாம் அவளைத் துறைமுக ஜெட்டிக்குக் கூட்டிப்போக வேண்டும். முட்டி வலி, சர்க்கரை, மழை, எதுவும் கணக்கில்லை. கடைசி ஆள் இறங்கும் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "இதுல இல்ல போல" என்பாள். அவ்வளவுதான், வீட்டுக்கு வந்து சோறு பொங்குவாள். நான் திட்டிக்கொண்டேதான் கூடப் போவேன். எனக்குத்தான் வாய் நீளம் என்று உங்களுக்குத் தெரியுமே. ஆனால் நீங்கள் இல்லை என்கிற ஒரு சொல்லை மட்டும் அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

சரி, அந்த ஊருக்கு வருகிறேன். விமானம் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது எனக்குத் தலை சுற்றியது. உயரமான ஊர், காற்று கொஞ்சம் கம்மி என்றார் மருமகன். பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் மஞ்சளும் நீலமும் ரோஸுமாக வீடுகள் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி நிற்கின்றன. ஊருக்கு அடியில் பழைய ஆறு ஓடிய வழியில் இப்போது கார் ஓடுகிறது. சந்துகளோ, எதிரே ஒருவர் வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். காலையில் ஜன்னலைத் திறந்தால் மூக்கு நுனி மரத்துப்போகிறது. பிறந்ததிலிருந்து வேர்வையைத் தவிர வேறெதுவும் அறியாதவள் நான். கச்சாலில் ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டு, சின்ன வயதில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் விடியற்காலையில் பல் கிட்டித்த கதையை நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். "குளிர்னா என்னான்னு தெரியாம வளருதே இந்தப் புள்ள" என்று என்னைப் பார்த்து வருத்தப்படுவீர்கள். தெரிந்துகொண்டேன் அப்பா. சொல்வதற்குத்தான் நீங்கள் இல்லை.

ஒரு ஞாயிறு மருமகன் என்னைச் சுரங்கம் பார்க்கக் கூட்டிப்போனார். தலையில் ஒரு தொப்பியை மாட்டிவிட்டார்கள். ஈரக் கல்படி உள்ளே இறங்கிக்கொண்டே போனது. நான் பாதியிலேயே நின்றுவிட்டேன். அந்தக் காலத்தில் ஆட்கள் மரத்தில் வெட்டிய படியில் கால் வைத்து, முதுகில் கல்லைச் சுமந்து மேலே ஏறுவார்களாம். அந்த வெள்ளி கோவேறு கழுதைகளின் முதுகில் மலை இறங்கித் துறைமுகத்துக்குப் போகுமாம், அங்கிருந்து கப்பலில் ஸ்பெயினுக்கு. வழிகாட்டிப் பெண் சொல்லச் சொல்ல மருமகன் தமிழில் சொன்னார். எனக்கு உங்கள் குரல்தான் கேட்டது. "மலையில வெளையிறதெல்லாம் கீழ எறங்கி கப்பலேறிடும். மேல மிச்சம் கெடக்குறது நாமதான்" என்பீர்கள். தேயிலையைச் சொன்னீர்கள். பக்கத்திலேயே ஒரு கிறிஸ்தவக் கோயில், சுரங்க முதலாளி கட்டியது, உள்ளே மாடமெல்லாம் தங்கப் பூச்சு. வெட்டினவன் வீட்டில் என்ன பூச்சு இருந்தது என்று கேட்கச் சொன்னேன். மருமகன் சிரித்து மழுப்பிவிட்டார், மொழிபெயர்க்கவில்லை.

வெள்ளிக் கடைக்கு மட்டும் போகாமல் நாளைக் கடத்தினேன். வாங்கினால் பொய்க்குப் புது மெருகு போட்ட மாதிரி. வாங்காமல் போனால் அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? கடைசியில் உங்கள் பேத்திதான் இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் நூலைப் பார்த்துவிட்டு எந்த விரலுக்கு என்றார். கால்விரலைக் காட்டினேன். கல்யாணமான பெண்கள் போடுவது என்று பேத்தி ஸ்பானிஷில் சொன்னதும், "அப்படியானால் உங்கள் அப்பா கொடுத்து வைத்தவர், இத்தனை வயதிலும் மனைவிக்குப் புதிதாக வாங்கச் சொல்கிறாரே" என்றாராம். பேத்தி அதை எனக்குச் சொல்லும்போது அவள் முகம் செத்துவிட்டது. கடைக்காரர் அளவாகச் செய்தே கொடுத்தார். நல்ல வேலை.

அதற்கு அடுத்த வாரம் அவர்களுக்குச் செத்தவர்கள் நாள். நம்முடைய அமாவாசை மாதிரிதான், ஆனால் அழுகை இல்லை. ஊரே செண்டுமல்லி. அவர்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரம்மா கூடத்தில் மேசை மேல் மேசை அடுக்கி, தன் புருஷன், அம்மா, தம்பி என்று படங்களை வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, அவரவருக்குப் பிடித்த சாப்பாட்டைப் படைத்திருந்தார். தெருவிலிருந்து மேசை வரைக்கும் பூவிதழைக் கோடாகத் தூவியிருந்தார். வருகிறவர்களுக்கு வழி மறந்துபோயிருக்குமாம். என்னைப் பார்த்து, "உங்கள் வீட்டில் போனவர்கள் யாரும் இல்லையா? படம் கொடுங்கள், இடம் இருக்கிறது" என்றார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

பேத்தி என் கையைப் பிடித்தாள். "தாத்தா படம் என் போன்ல இருக்கும்மா. பிரின்ட் போட்டுக் கொண்டு வரவா?" என்றாள். நான் அடுப்படிக்குப் போய்த் தேங்காயைத் துருவ ஆரம்பித்தேன். உங்களுக்குப் பிடித்த தேங்காய் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் செய்தேன். காய்ந்த மிளகாய்க்கு அங்கே பஞ்சமில்லை. அந்தி நேரத்தில் உங்களை அந்த மேசையில் வைத்தேன், முன்பின் தெரியாத ஒரு மெக்சிகோக்காரருக்கும் அவர் மாமியாருக்கும் நடுவில். பூவை எடுத்துப் படத்தின் மேல் வைத்தபோது அழுகை வந்தது. நிறுத்த முடியவில்லை. இத்தனை வருஷத்தில் உங்களுக்காக நான் ஒரு தடவைகூட வாய்விட்டு அழுததில்லை. அழுதால் அம்மா கேட்டுவிடுவாள். இந்த மலைகளுக்கு நடுவில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று அழுது தீர்த்தேன். வீட்டுக்காரம்மா என்னைத் தடுக்கவில்லை. பேத்தி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். அதை நான் அப்புறம் நினைக்கவே இல்லை.

திரும்பி வந்ததும் மெட்டியைக் கொடுத்தேன். அம்மா உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். "கனம் பரவாயில்ல. வெள்ளிக்கிழமை போட்டுக்கிறேன்" என்று சாமி விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்புறம் பிள்ளையின் படத்தைக் காட்டு என்று என் போனைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்துவிட்டு நான் டீ போடப் போய்விட்டேன்.

டீயோடு கூடத்தை எட்டிப் பார்த்தேன். போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டிருந்தாள்.

"பூ வச்சிருக்கு" என்றாள். "வெளக்கு ஏத்தியிருக்கு."

"அது அந்த ஊரு வழக்கம்மா. அந்தம்மா கேட்டாங்க, சும்மா..."

"வழக்கம் எந்த ஊர்லயும் ஒண்ணுதான் புள்ள."

நான் டீயைக் கீழே வைத்தேன். அவள் விரலால் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தாள்.

"தட்டுல என்னா?"

"ரொட்டியும் சம்பலும்."

"மாசிக்கருவாடு போட்டியா?"

"அங்க மாசி கிடைக்கலம்மா."

"மாசி இல்லாம திங்க மாட்டாரே" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

வெள்ளிக்கிழமை அவள் குளித்துவிட்டு வந்தபோது காலில் பழைய மெட்டியும் இல்லை. சோப்புப் போட்டுக் கழற்றியிருக்கிறாள். விரலைச் சுற்றி வெளுத்த தடம் மட்டும் தெரிந்தது. நெற்றியிலும் கழுத்திலும் ஒன்றுமில்லை. பழையது ஒரு சோடி, புதியது ஒரு சோடி, இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தாள். நான் என்னென்னவோ சொன்னேன். காலைப் பிடித்துக்கொண்டுகூடச் சொன்னேன்.

"நீ ஒண்ணும் பண்ணல" என்றாள். "டிக்கெட்டு ஒண்ணுதான் இருந்துச்சு. நான் ஏறிட்டேன். அன்னிக்கே கழட்டியிருக்கணும்."

அப்பா, நாங்கள் இத்தனை வருஷமும் அவள் உங்களுக்காகக் காத்திருக்கிறாள் என்று நினைத்தோம். பைத்தியக்காரத்தனம் என்றுகூடச் சொன்னேன். அது அவளைத் தூக்கி நிறுத்தி வைத்திருந்தது என்று தெரியாமல் போயிற்று. இப்போது சோறு வைத்தால் சாப்பிடுகிறாள், வைக்காவிட்டால் கேட்பதில்லை. மாத்திரையை நான்தான் நினைவுபடுத்த வேண்டும். டாக்டர் பார்த்துவிட்டு வயசாகிறதல்லவா என்றார். உங்கள் படத்தைக் காலண்டருக்குப் பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்லவுமில்லை, இருக்கட்டும் என்று சொல்லவுமில்லை. அதைப் பார்ப்பதே இல்லை. பேத்தி வீடியோ காலில் குழந்தையைக் காட்டினால் சிரிக்கிறாள், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இது சரியாகும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆறுதலாக உங்களுக்கு ஏதாவது எழுதலாம் என்றால் ஒன்றும் அகப்படவில்லை. அந்த மேசையில் உங்களுக்கு ஓர் இடம் கிடைத்தது, இங்கே இருந்த இடம் போய்விட்டது.

டப்பா என் கைப்பையில்தான் கிடக்கிறது. வீட்டில் வைத்தால் அவள் கண்ணில் படும். கடலில் போடவும் மனசு வரவில்லை, உங்களை வாங்கிக்கொண்டது போதாதா அதற்கு? பஸ்ஸிலும் ஆபீசிலும் அது உள்ளே கிலுகிலுவென்று சத்தம் போடுகிறது.

நேற்று நிக்கோபார் கப்பல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வழக்கம்போல வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு, திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள். அவள் நிற்கிற இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூட்டை, பாக்கு, கோழிக்கூடை, தூங்குகிற பிள்ளைகள் எல்லாம் இறங்கின. சங்கிலியைப் போட வந்த காவலாளி, "சப் உதர் கயே, தீதி" என்றார், எல்லோரும் இறங்கியாயிற்று என்று. யாரைக் கூட்டிப்போக வந்தேன் என்று கேட்டார். அப்பாவை என்றேன். அவர் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, மறுபடி கப்பலுக்குள் ஏறிப் போய்ப் பார்த்து வந்தார்.