றொபேட்டின் ஆக்கள்

அஜின்கோர்ட்
கனடா
12 மார்ச் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே பனி விட்டபாடில்லை, நான் சுகம். உங்கள் முழங்கால் எப்படி?

உங்கள் நாலு வரிக் கடிதம் கிடைத்தது. “அவன்ரை ஆக்கள் ஆர்? கறுப்பன் எண்டதை விட்டால் வேறென்ன தெரியும் உனக்கு?” என்று கேட்டிருக்கிறீர்கள். வாசித்து அழுதேன். பிறகு கோபம்தான் வந்தது.

நான் கட்டப்போகும் றொபேட் இங்கே பஸ் ஓட்டுகிறார். பிறந்தது நோவா ஸ்கோஷியாவில். அவருடைய ஆக்கள் கனடாவுக்கு வந்து இருநூறு வருடம். நாங்கள் நேற்று வந்தவர்கள். அப்பாவின் இடத்தில் நின்று நீங்கள்தான் என்னைத் தாரைவார்க்க வேண்டும். நீங்கள் வராமல் என் கழுத்தில் தாலி ஏறாது.

தங்கை
சாம்பவி

வெள்ளவத்தை
2 ஏப்ரல் 1996

அன்புத் தங்கச்சிக்கு,

முழங்கால் இருந்தபடியே இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் காணிக் கந்தோரில் முப்பது வருடம் காணி உறுதிப் பத்திரம் தேடியவன் நான். வாய்ச்சொல்லை நம்பி ஒரு பரப்புக் காணிகூடக் கைமாற விட்டதில்லை. இருநூறு வருடம் என்றால் கடதாசி இருக்கும். காட்டு, வருகிறேன். இல்லையென்றால் இந்தப் பேச்சை விடு.

அண்ணன்
செல்வரட்ணம்

அஜின்கோர்ட்
9 ஜூன் 1996

அண்ணாவுக்கு,

சனிக்கிழமை தவறாமல் நூலகத்தில் மைக்றோஃபிலிம் பார்த்துக் கண் பழுதாகிவிட்டது. பாதி கிடைத்தது. 1783இல் நியூயோர்க்கிலிருந்து நோவா ஸ்கோஷியாவுக்கு வந்த கப்பல் பதிவில் ஐசக் பேனாட் என்று ஒருவர். வயது 22, ஊர் மேரிலாந்து, ‘சுதந்திரமாகப் பிறந்தவன்’. றொபேட்டின் பூட்டனாருக்கும் பூட்டனார் அவர்.

அதற்கு அப்பால் சுவர். பேனாட் என்பது அடிமைகளை வைத்திருந்த முதலாளியின் பெயராம். தகப்பன் யாரென்று எங்கும் இல்லை. “தேடினது காணும், விடும்” என்கிறார் றொபேட். தோற்றுப்போனேன் என்று உங்களுக்கு எழுத மனம் வரவில்லை.

சாம்பவி

வெள்ளவத்தை
30 ஜூன் 1996

தங்கச்சி,

என் தங்கச்சியாக இருந்துகொண்டு இப்படியா தேடுவது? சீதனக் காணியைத் தகப்பன் பெயரில் தேடினால் அகப்படுமா? தாய், தாயின் தாய் என்றல்லவா போவோம்! ‘சுதந்திரமாகப் பிறந்தவன்’ என்று எழுதியிருக்கிறதே, அந்த உரித்து எந்த வழியால் வந்தது? அந்த ஊர்ச் சட்டத்தைப் பார். தாயைத் தேடு.

இது உனக்கு உதவியென்று நினைக்காதே. பிழையாகத் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

செல்வரட்ணம்

அஜின்கோர்ட்
22 செப்டெம்பர் 1996

அண்ணா! அண்ணா!

நீங்கள் சொன்னதுதான் சரி. அங்கே தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. தாய் சுதந்திரமானவள் என்றால் பிள்ளையும் அப்படியே. மேரிலாந்துக்கு எழுதிக் கேட்டேன். ஐசக்கின் தாய் பெயர் ஹன்னா. தன்னை அடிமையாக வைத்திருந்தவன்மீதே வழக்குப் போட்டிருக்கிறாள்! ‘என் தாயின் தாய் சுதந்திரமானவள், ஆகவே நானும்’ என்று. எண்பது வயது மருத்துவிச்சி வந்து சாட்சி சொன்னாள். ஆறு வருடம் இழுத்து 1768இல் தீர்ப்பு. ஹன்னா வென்றாள்! ஏழு வயது ஐசக்கும் அன்றே அவளோடு வெளியே வந்தான்.

பிரதி இதனுடன். மனுவின் அடியில் கையெழுத்துக்குப் பதிலாக இருக்கும் புள்ளடி அவள் கையால் போட்டது.

றொபேட்டின் தாயார் ஞாயிறன்று தேவாலயத்தில் எழுந்து நின்று இதை வாசித்தாராம். சபை முழுவதும் எழும்பிக் கைதட்டியதாம்.

சாம்பவி

வெள்ளவத்தை
8 டிசெம்பர் 1996

என் அன்புத் தங்கச்சிக்கு,

தீர்ப்பை அகராதியும் கையுமாக மூன்று தரம் வாசித்தேன். காணிக்காகக் கடதாசி தேடியவர்களைத்தான் எனக்குத் தெரியும். தன்னையும் பிள்ளையையும் மீட்கத் தேடியவளை இப்போதுதான் காண்கிறேன். உனக்கு அப்படி எழுதியதை நினைக்க வெட்கமாக இருக்கிறது. றொபேட்டிடம் என் மன்னிப்பைச் சொல். நேரில் வந்து நானும் கேட்பேன்.

விசா கிடைத்துவிட்டது. தையில் நாள் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை பக்கத்தில் தாலிக்குப் பொன்னுருக்கத் தெரிந்த ஆளில்லையே என்று அதையும் நானே செய்வித்துவிட்டேன். “பொம்பிளை வீட்டுக்காரர் தாலி கொண்டு போறதை இண்டைக்குத்தான் பாக்கிறன்” என்று நகை செய்பவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

ஒரே ஒரு சங்கடம். இடம்பெயர்ந்தபோது தூக்கிவந்த உறுதிப் பெட்டியைக் கொட்டி எங்கள் பக்கத்தையும் தேடினேன். 1871க்கு முந்தின ஒரு துண்டும் இல்லை. “உங்கடை ஆக்கள் ஆர்?” எண்டு மாப்பிள்ளை கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? நான் வந்து இறங்குவதற்குள் யோசித்து வை.

உன்னைத் தாரைவார்க்க வரும்
அண்ணன் செல்வரட்ணம்