இடது பக்கம் நடக்கிறேன்

இயேசு மரி சூசை காவல்

அயோத்தியாப்பட்டணம்
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சேவியர்ராஜுக்கு,

அம்மா ஞானப்பூ எழுதுவது. எனக்கு மூட்டு வலி தவிர வேறு ஒன்றும் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் தலையை மூடிக்கொண்டு வேலை செய்கிறாய் என்று நம்புகிறேன். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே கட் பண்ணிவிடுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது அல்லவா, அதனால்தான் எழுதுகிறேன். டெபோராவின் வீட்டுக்காரர் கத்தார் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே ஜவ்வரிசி வடாமும் பருப்புப் பொடியும் இருக்கிறது. சேகோ ஆலையில் வேலை முடிந்து வந்து நானே காய வைத்த வடாம். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, பொறுத்துப் படி.

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்துவிட்டது, டிக்கெட் போட்டாகிவிட்டது என்று சூசை சித்தப்பா சொன்னார். எனக்குச் சொல்லாமல் அவருக்குச் சொல்லியிருக்கிறாய். ஜாமீனில் வந்த மிக்கேல் காலையில் எத்தனை மணிக்கு, எந்த வழியாக ஸ்டேஷனுக்குக் கையெழுத்துப் போடப் போகிறான் என்றும் அவரிடம் கேட்டிருக்கிறாய். எதற்குக் கேட்டாய் என்று எனக்குத் தெரியும் சாமி. உன்னைப் பெற்றவள் நான்.

உங்கள் எரிகோ பேண்ட் இந்த வருடக் கிறிஸ்துமஸ் ஆல்பத்தை விட்டுவிட்டது. நீ பாடியது மூன்று, நீ போன பிறகு புதுப் பையன் பாடியது ஒன்று, இப்போது இது. அட்டையில் உன் தம்பி மார்ட்டின் படம் போட்டிருக்கிறார்கள். பேண்டுக்கு ஒயர் சுற்றினான், ஸ்பீக்கர் பெட்டி தூக்கினான், அவ்வளவுதான் அவன் செய்தது. செத்த பிறகு அட்டைக்கு வந்துவிட்டான். யூடியூபில் கீழே எழுதியிருப்பதைப் பக்கத்து வீட்டு சோபியா வாசித்துக் காட்டினாள். முதல் ஆல்பம்தான் கெத்து என்று ஒருவன். மூன்றாவதில் கிட்டார் நல்லா இருந்தது, போன வருடத்தது குப்பை என்று இன்னொருவன். அதற்கும் கீழே ஒருவன், மார்ட்டின் செத்ததுக்கு அப்புறம்தான் இவனுங்களுக்கு நெருப்பே வந்திருக்கு, இதான் பெஸ்டு என்று எழுதி மூன்று நெருப்புப் படம் போட்டிருக்கிறான். சோபியா அதோடு போனை மூடிவிட்டாள். போனைப் பிடுங்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அவள் போன் ஆயிற்றே என்று விட்டேன்.

நானும் எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்தேன். முதலாவதில் நீ சிரித்துக்கொண்டே பாடுகிறாய். இரண்டாவதில் உனக்குத் தொண்டை கட்டியிருந்தது, மிளகுப் பால் வைத்துக் கொடுத்தேன், அந்தக் கரகரப்புதான் பையன்களுக்குப் பிடித்துப்போனது. மூன்றாவதில் உனக்கு விசா வந்துவிட்டது, பாட்டில் மனசே இல்லை. இந்தப் புதியதை முழுசாகக் கேட்க என்னால் முடியவில்லை. டிரம்ஸ் வந்த இடத்தில் அந்த இரும்புச் சத்தம்தான் எனக்குக் கேட்டது. நிறுத்திவிட்டு வாசலில் போய் வாந்தி எடுத்தேன்.

அந்த இரும்புச் சத்தத்தைப் பற்றி உனக்கு ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. சும்மா நின்ற பிள்ளையை மிக்கேல் பின்னாலிருந்து அடித்துக் கொன்றான் என்றுதான் சித்தப்பா உனக்குப் போன் போட்டார். போலீசிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்தபோது நான் மயங்கிக் கிடந்தேன். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான், நான் மட்டும் உன்னிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி.

போன வருடம் அந்த ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் வழக்கம்போலக் கோயில் வளாகத்தில் டாடா ஏஸ் மேல் ஸ்பீக்கர் வைத்தார்கள். உனக்குத் தெரிந்ததுதான், பழைய ஆல்பத்திலிருந்து ஒவ்வொரு பாட்டு, கடைசியில் புதுசு. எதற்குக் கூட்டம் அதிகமாகக் கத்துகிறதோ அந்தப் பாட்டைத்தான் அந்த வருடம் கேரல் ரவுண்டில் வீடு வீடாகப் பாட வேண்டும். உன்னுடைய கரகரப்புப் பாட்டுக்கு விசில் பறந்தது. புதுசுக்கு மிக்கேலும் அவன் கூட்டமும் தொண்டை கிழியக் கத்தினார்கள். ஆனாலும் உன் பாட்டுதான் என்று சொல்லிவிட்டார்கள். மறுபடி அதையே போட்டார்கள்.

மிக்கேல் வண்டி மேல் ஏறி நின்று, பாடினவனே நம்ம ஊரு வேண்டாம்னு கத்தாருக்கு ஓடிட்டான், ஓடினவன் பாட்டைத் தூக்கிக்கிட்டு இந்த வருசமும் ஊடு ஊடாப் போகணுமா என்று கேட்டான். நம் மார்ட்டின் விடுவானா. உங்க புதுப் பாட்டைப் போட்டா குடில்ல படுத்திருக்கிற பாலன் இயேசுவே எந்திரிச்சு ஓடிருவாருடா, அப்புறம் மாதாவும் சூசையப்பரும் ரோட்டுல தேடணும் என்றான். வளாகமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. மிக்கேலின் அம்மா ரோசி கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பெற்ற மகனைக் கேலி செய்கிறார்கள் என்று பார்க்காமல்.

மிக்கேல் கீழே குதித்து மார்ட்டின் சட்டையைப் பிடித்தான். உங்கண்ணன் காசு அனுப்பாட்டி உங்காத்தா தெருவுல நிப்பா என்றான். பக்கத்தில் சோடாக் கடை. மார்ட்டின் ஒரு பாட்டிலை எடுத்தான், கம்பத்தில் அடித்து உடைத்தான், அவன் முகத்தில் குத்தினான். முதலில் குத்தியது நம் பிள்ளை, சேவி. மிக்கேலுக்கு இடது கண் அங்கேயே போய்விட்டது. கண் இருந்த இடத்திலிருந்து ரத்தம் கொட்டக் கொட்ட அவன் மைக் ஸ்டாண்டைத் தூக்கினான். அடியில் இருக்கும் வட்ட இரும்பால் அடித்தான். மார்ட்டின் விழுந்தான். விழுந்த பிறகும் அடித்தான். தலை தேங்காய் மாதிரி பிளந்துபோகும் வரைக்கும் அடித்தான். நான் ஓடி மடியில் எடுத்தபோது மூளை என் விரலில் சூடாக ஒட்டியது. ஸ்பீக்கரில் உன் குரல் பாடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதைத்தான் கோர்ட்டிலும் சொல்லப் போகிறேன். சித்தப்பாவுக்குக் கோபம். எனக்குப் பொய் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாது.

நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. பங்குச் சாமியார் வந்து மன்னிப்பைப் பற்றிப் பேசினார், காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். கல்லறைத் திருநாளுக்கு மார்ட்டின் குழிக்குச் சாமந்தி போட்டுக்கொண்டிருந்தேன். ரோசி மெழுகுவத்தியோடு வந்து நின்றாள். எனக்கு என்ன வந்ததோ, அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து முகத்தை மண்ணில் வைத்துத் தேய்த்தேன். அவள் வாயெல்லாம் மண். காது அறுந்து கம்மல் என் கையோடு வந்துவிட்டது. அவள் கையே தூக்கவில்லை. அடி அக்கா, நல்லா அடி, எம்பையனை மட்டும் உட்டுரு என்றாள். நாலு பேர் வந்து என்னைப் பிரித்தார்கள். அந்தப் பேச்சுதான் என்னைத் தூங்க விடவில்லை. அவளும் என்னைப் போல ஒருத்திதான் என்று அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தும் எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை, பயம்தான் வந்தது. நாளைக்கு நானும் யார் காலடியிலாவது இப்படி மண்ணைத் தின்ன வேண்டி வருமோ என்று.

அந்த மாதக் கடைசியில் குடில் கட்ட வைக்கோல் எடுக்கப் பரணில் ஏறினேன். மூட்டைக்குள் புது வீச்சரிவாள், காகிதம் கூடப் பிரிக்கவில்லை. சித்தப்பா உனக்காக வாங்கி நம் பரணில் மறைத்து வைத்தது. அதை முந்தானையில் சுற்றிக் கொண்டுபோய் ஆலையின் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டேன். அந்த நாற்றத்தில் இறங்கி எவனும் எடுக்க மாட்டான். ஆனால் ஒன்றைப் போட்டால் இன்னொன்று கடையில் இருக்கிறது. அதனால் மறுநாள் காலையிலிருந்து வேறு வேலை செய்கிறேன்.

மிக்கேல் வீட்டை விட்டு வெளியே வரும்போது நான் அவன் கூடப் போகிறேன். ஆத்தூர் ரோட்டில் ஸ்டேஷன் வரைக்கும், பிறகு திரும்ப அவன் வாசல் வரைக்கும். அவனுக்கு இடது கண் இல்லை. வெட்ட வருகிறவன் அந்தப் பக்கமாகத்தான் வருவான். ஆகவே நான் இடது பக்கம் நடக்கிறேன். முதல் நாள் என் கையில் கல் இருந்தது. அவன் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எங்கே அடித்தால் விழுவான் என்றுகூடப் பார்த்து வைத்தேன். போட்டுவிட்டேனா, வைத்திருந்தேனா என்று தெரியாமல் வீடு வந்து பார்த்தால் கல் கையிலேயே இருந்தது, உள்ளங்கை கிழிந்திருந்தது.

நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஒரே ஒரு நாள் அவன், நீங்க வராதீங்க பெரியம்மா, எனக்கு நடக்க முடியல என்று அழுதான். வாயை மூடிட்டு நட என்றேன். தெருவில் என் காதுபடவே பேசுகிறார்கள். பெத்த புள்ளையைக் கொன்னவனுக்குக் காவல் நாயாட்டம் போறா பாரு, இவளும் ஒரு தாயா என்கிறார்கள். ஆலையில் என் பக்கத்தில் யாரும் சோறு பிரிப்பதில்லை. அவன் உயிரோடு இருந்தால் எனக்கென்ன, செத்தால் எனக்கென்ன. அவனுக்காக நான் ஒரு அடியும் நடக்கவில்லை. நீ கொலைகாரன் ஆகக் கூடாது என்று நடக்கிறேன். ஒரு பிள்ளையைக் கழுவிப் பெட்டியில் வைத்த கை இது. இன்னொரு பிள்ளையைச் சேலம் ஜெயில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கச் சொல்லாதே.

லீவில் வா. உனக்கு மார்ட்டின் குழியைக் காட்ட வேண்டும், நீ இன்னும் பார்க்கவில்லை. அதன் மேல் விழுந்து கத்து, கல்லை உடை, என்னை அடி, என் தம்பியை ஏன் காப்பாற்றவில்லை என்று கேள், நான் நின்று வாங்கிக்கொள்கிறேன். ஆனால் விமானத்தை விட்டு இறங்கியதும் சித்தப்பா வீட்டுக்குப் போகாமல் நேரே என்னிடம் வா. மீன் குழம்பு வைக்கிறேன்.

ஆண்டவர் உன் வலது கையைப் பிடித்துக்கொள்ளட்டும் மகனே. அவர் ஒருவேளை விட்டுவிட்டால், அந்த ரோட்டில் முதலில் நான்தான் இருப்பேன். எனக்கு மருதாணிக் கலர்ச் சேலை, இருட்டு பிரியாவிட்டாலும் உனக்கு அடையாளம் தெரியும். பார்த்துச் செய்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
ஞானப்பூ